ஆறு மாதம் கழித்தும் அதே விடை வர: ஆர்ஸ்டூடியோவில் முதல் பகுப்பாய்வு

2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளியலாளர்கள் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் அவர்களிடமே எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சராசரி எடுத்த சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது. அதனால்தான் விடையோடு கணக்கு போட்ட வழியையும் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறேன்.

ஆர் (புள்ளிவிவரக் கணக்குக்கான நிரல் மொழி), ஆர்ஸ்டூடியோ (அந்த மொழியில் வேலை செய்வதற்கான மென்பொருள்), கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) மூன்றும் இலவசம். நிறுவியாயிற்றா? சரி, தொடங்கலாம்.

1. ஃபைல் மெனுவில் ‘நியூ புராஜெக்ட்’ கொடுங்கள். அங்கே கிட், ரென்வ் (ஆருக்கான கூடுதல் நிரல் தொகுப்புகளின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் கருவி) என்ற இரண்டு பெட்டிகளிலும் டிக் அடியுங்கள்.

2. உள்ளே ‘டேட்டா’ என்று ஒரு கோப்புறை. உங்கள் தரவு இருக்கும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணை) வந்தது வந்தபடி அதில் போடுங்கள். அதை எக்செல்லில் திறந்து சேமிக்கவே வேண்டாம். செப்ட்2 என்ற மரபணுப் பெயரை எக்செல் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். இந்தத் தொல்லையால் 2020-இல் அப்படிப்பட்ட மரபணுக்களுக்குப் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. திருத்தம் எதுவானாலும் நிரலில் எழுதுங்கள்.

3. புதிய குவார்ட்டோ ஆவணம் திறங்கள். விளக்கமும் நிரலும் இதில் ஒன்றாகவே இருக்கும். ‘ரெண்டர்’ பொத்தானை அழுத்தினால் குவார்ட்டோ புதிய அமர்வில், முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் ஓட்டும். நீங்கள் கன்சோலில் (கட்டளைகளை நேரடியாகத் தட்டும் பகுதி) தனியாகத் தட்டிய வரி அங்கே இருக்காது. அது இல்லாமல் கணக்கு நிற்காது என்றால் உடனே பிழை காட்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது இதுதான். கட்டுரையில் வரும் சராசரியைக் கையால் தட்டாதீர்கள். வாக்கியத்துக்குள்ளேயே நிரலை வைத்தால் தரவு மாறும்போது எண்ணும் மாறும்.

4. பேக்கேஜஸ் பகுதியில் ரென்வ் மெனுவைத் திறந்து ‘ஸ்னாப்ஷாட்’ எடுங்கள். தொகுப்புகளின் பதிப்பெண்கள் பதிவாகிவிடும்.

5. ஒவ்வொரு வரைபடத்துக்கும் மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான விளக்கம்) எழுதுங்கள். ‘கோட்டு வரைபடம்’ என்று மட்டும் எழுதினால் திரைவாசிப்பானில் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்லுங்கள். நிறத்துக்கு விரிடிஸ் என்ற நிறவரிசை நல்லது, நிறக்குருடு உள்ளவர்களும் பிரித்துப் பார்க்கலாம்.

அப்புறம் கிட்டில் கமிட் செய்து (இதுவரையிலான நிலையைப் பதிவு செய்து), கோப்புறையை ஒரு நண்பருக்கு அனுப்புங்கள். அவர் ரென்வ் மெனுவில் ‘ரீஸ்டோர்’ கொடுத்து, பதிவான அதே பதிப்புகளை நிறுவிவிட்டு ரெண்டர் செய்யட்டும். பிழை வந்தால் முதலில் கோப்பின் பாதையைப் பாருங்கள்: உங்கள் கணினியின் சி டிரைவ் முகவரியை முழுதாக எழுதியிருப்பீர்கள். ‘டேட்டா’ கோப்புறையிலிருந்து தொடங்கும்படி மாற்றி, மறுபடி அனுப்புங்கள்.