புரியாத சிறுகதையை இரண்டாம் முறை வாசிப்பது எப்படி?

ஒரு சிறுகதையை முடித்துவிட்டு, இதில் என்னதான் நடந்தது என்று திகைக்கும் வாசகர், இலக்கியம் தமக்கு எட்டாது என்று அவசரமாக முடிவு கட்டிவிடுகிறார். பெரும்பாலும் சிக்கல் வாசிக்கும் வேகத்தில்தான் இருக்கிறது. நாவல் முக்கியமான ஒன்றைப் பல அத்தியாயங்களில் நினைவூட்டிக்கொண்டே செல்லும். சிறுகதையோ அதை ஒரே முறை, அதுவும் வேறு எதையோ பேசுவதுபோலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

எனவே முதல் வாசிப்பில் பொருள் தேடாமல், அகராதியையும் திறக்காமல், ஒரே மூச்சில் கடைசி வரி வரை சென்றுவிடுங்கள். பிறகு, காரணம் புரியாமல் உறுத்திய ஓர் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாசிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இம்முறை பென்சிலுடன் அமருங்கள். திரும்பத் திரும்ப வரும் சொல் எது, எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை, கதைசொல்லி எதைச் சொல்லாமல் தாண்டுகிறார் என்று பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட ‘வெள்ளை யானைகள் போன்ற குன்றுகள்’ இதற்கு நல்ல பயிற்சிக் கதை. ஸ்பெயினில் ஒரு ரயில் நிலையம். ரயில் வர நாற்பது நிமிடங்கள் இருக்கின்றன. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் குடித்தபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேலோட்டமாக அவ்வளவுதான். அவர்கள் விவாதிப்பது கருக்கலைப்பைப் பற்றி என்பதே பொதுவான வாசிப்பு. ஆனால் அந்தச் சொல் கதையில் ஓரிடத்திலும் வருவதில்லை. அது மிக எளிய ‘ஆபரேஷன்’ என்று அவன் வலியுறுத்த வலியுறுத்த, அந்த எளிமையின் மீது நமக்குச் சந்தேகம் வலுக்கிறது. பேச்சை நிறுத்தும்படி கெஞ்சும் அவள் ‘தயவுசெய்து’ என்பதை ஒரே வாக்கியத்தில் ஏழு முறை சொல்கிறாள். அந்த ஏழையும் எண்ணிப் பார்த்த வாசகருக்கு அதன் பிறகு உரையாசிரியர் தேவைப்படமாட்டார்.

முடிவைப் பொறுத்தவரை, ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, தொடக்கத்தில் சாத்தியமாக இருந்த எது முடிவில் சாத்தியமில்லாமல் போயிற்று என்று கேட்பது அதிகப் பயன் தரும். மேற்சொன்ன கதையில், தனக்கு ஒன்றுமில்லை என்று அவள் கடைசியில் சிரித்தபடி சொல்வதை நம்பலாமா என்பதில் வாசகர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. அந்தக் கருத்து வேறுபாட்டுக்குக் கதையே இடம் விட்டிருக்கிறது.

விமர்சனக் கட்டுரைகளை இரண்டாம் வாசிப்புக்குப் பிறகே தொடுவது நல்லது. முன்பே படித்தால் மற்றவர் கண்டதை மட்டுமே நாமும் காண்போம். (சுருக்கங்களை அறவே தவிர்க்கலாம் என்பது என் பிடிவாதம்.) இத்தனைக்குப் பிறகும் கதை பிடிக்கவில்லையென்றால், எந்த வரியில் அதைவிட்டு விலகினீர்கள் என்று ஓரத்தில் குறித்துவிட்டு, தயக்கமின்றி அடுத்த கதைக்குச் செல்லுங்கள்.