சோளகம் விழுவதற்கு முன்: ஆவணி, புரட்டாதியில் தோட்டமும் வயலும் பார்க்கும் முறை

ஆவணி பிறந்து புரட்டாதி கழியும் வரையான இரண்டு மாதமும் யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு நெருக்கடியான காலம். கிணற்று நீர் வருடத்திலேயே மிகக் கீழே நிற்கும். தோட்டத்தில் கோடை வெங்காயம் முற்றிக்கொண்டிருக்கும். வயல் புழுதியாகக் கிடந்து மழையைப் பார்த்திருக்கும். எங்கள் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதனால் இப்போது பிந்துகிற ஒரு கிழமை பிறகு வெங்காயத்தில் அழுகலாகவும் நெல்லில் களையாகவும் வந்து நிற்கும்.

நாட்காட்டியை மட்டும் நம்பி வேலை செய்ய முடியாது. சோளகம் என்கிற தென்மேற்குப் பருவக்காற்று சில வருடம் செப்ரெம்பர் நடுவிலேயே ஓய்ந்துவிடும், சில வருடம் ஒக்டோபர் வரை இழுக்கும். ஆகவே கிழமையில் ஒரு நாளை ஒதுக்கி, அதே நேரத்தில் கிணறு, காற்று, பயிர் மூன்றையும் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். நான்கு கிழமைக் குறிப்பு சேர்ந்தால் அடுத்த கிழமை என்ன செய்வது என்பது அதிலேயே தெரியும்.

கிணறு

காலையில் இறைப்பதற்கு முன், நூலில் சிறு கல்லைக் கட்டி இறக்கி, கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து எழுதுங்கள். இறைத்து முடித்தவுடன் ஒருமுறை, இரண்டு மணித்தியாலம் கழித்து ஒருமுறை அளவுங்கள். நீர் ஊறி மேலே வரும் வேகம் கிழமைக்குக் கிழமை குறைந்து வந்தால் இறைக்கும் நேரத்தையும் குறைக்க வேண்டும்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது அவசியம். குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் நன்னீர், கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் மேலே 1 அடி இறங்கும்போது கீழேயிருந்து உப்பு எவ்வளவு தூரம் ஏறும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரேயடியாக இரண்டு மணித்தியாலம் இறைத்தால் கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீர் கூம்பாக மேலே எழும். அதே தண்ணீரைக் காலையில் ஒரு மணித்தியாலமும் மாலையில் ஒரு மணித்தியாலமுமாகப் பிரித்து எடுத்தால் எழுவது குறையும். ஆவணியில் தண்ணீர் வற்றுகிறது என்று கிணற்றை ஆழப்படுத்தவே வேண்டாம். துளைபோட்டு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் உப்புக்குத்தான் வழி வெட்டுகிறார்கள், அது பக்கத்துத் தோட்டக் கிணற்றையும் சேர்த்துக் கெடுக்கும். குழாயின் அடி வால்வையும் கிணற்றின் அடித்தளத்தில் வைக்காமல் நீர்மட்டத்துக்கு ஓரளவு கீழே நிற்கும்படி கட்டுங்கள்.

உப்பை நாக்கால் பார்ப்பது போதாது. சட்டைப் பையில் வைக்கக்கூடிய மின்கடத்துதிறன் மானியை நான்கு பேர் சேர்ந்து வாங்கினாலும் போதும். இறைப்பின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் அளவுங்கள். மானி சென்ரிமீற்றருக்கு 1000 மைக்கிரோசீமன் காட்டினால் அது மீற்றருக்கு 1 டெசிசீமன். வெங்காயம் 0.8 டெசிசீமன் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். 1.2 ஆனால் பத்தில் ஒரு பங்கு போகும், 1.8 ஆனால் கால்வாசி, 2.9இல் பாதி. மிளகாய்க்கு எல்லை 1.0. பத்தில் ஒரு பங்கு குறைவது 1.5இல், கால்வாசி குறைவது 2.2இல். தக்காளி 1.7 வரையும் பீற்றூட் 2.7 வரையும் சேதமின்றித் தாங்கும். ஆகவே ஆவணிக் கடைசியில் உங்கள் கிணறு 2ஐத் தாண்டுகிறது என்றால் அடுத்த வருடம் அந்தத் தறையில் (தோட்டத் துண்டில்) கடைசிப் போகமாக வெங்காயம் நடாமல் பீற்றூட்டுக்கு மாறுவதுதான் சரி. அந்த அளவு உப்புள்ள தண்ணீரைத் தூவல் முறையில் அடிக்கவும் கூடாது. சோளகக் காற்றில் இலையிலேயே காய்ந்து உப்புப் படிந்து நுனி கருகும்.

இன்னொன்றும் பலருக்குப் புதிராக இருக்கும்: புரட்டாதியில் ஒரு சிறு தூறல் விழுந்த மறுநாள் பயிர் வாடி நிற்கும். கோடை முழுதும் பாத்தியின் மேல்மண்ணில் சேர்ந்த உப்பை அந்தத் தூறல் கரைத்து வேரடிக்கு இறக்கிவிடுகிறது, அதற்குக் கீழே தள்ள அதற்குப் பலமில்லை. அன்று இறைக்க வேண்டிய முறை இருந்தால் நிறுத்தாமல் இறைத்துவிடுங்கள்.

எவ்வளவு இறைப்பது

தோட்டக் கணக்கில் 16 பரப்பு 1 ஏக்கர், ஆக 1 பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 1 மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் ஒரு பரப்புக்கு 253 லீற்றர். சோளகம் வீசும் நாளில் வளர்ந்த பயிருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்தால், நான்கு நாளுக்கு ஒரு முறை இறைக்கும்போது பரப்புக்கு ஏறத்தாழ 5000 லீற்றர் வேண்டும்.

உங்கள் இயந்திரம் எவ்வளவு தள்ளுகிறது என்பதை அறிய 200 லீற்றர் பரலை வைத்து நிரப்பிப் பாருங்கள். 40 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 300 லீற்றர், பரப்புக்கு 17 நிமிடம் போதும். மண் வாய்க்காலில் உறிஞ்சப்படுவதற்காக இன்னும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அதே பரப்புக்கு முக்கால் மணித்தியாலம் தண்ணீர் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். செம்மண் அந்த மேலதிகத்தை வைத்திருப்பதில்லை, பசளையையும் கூட்டிக்கொண்டு நேரே கிணற்றுக்கே இறக்கிவிடும்.

வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த அளவுள்ள தண்ணீரை 70 நாள் வெங்காயத்துக்கு இறைத்தால், தண்ணீரோடு மட்டும் பரப்புக்கு ஏறத்தாழ 2 கிலோ யூரியாவுக்குச் சமமான நைதரசன் போய்ச் சேர்கிறது. அதைக் கழித்துக்கொண்டு யூரியா போடுங்கள். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரும் அதே கிணற்றில்தான் இருக்கிறது.

காற்றும் வானமும்

காலையில் எழுந்த காற்று மதியத்தில் வேகம் பிடித்து இரவிலும் ஓயாமல் அடித்தால் சோளகம் இன்னும் பலமாக இருக்கிறது என்று எழுதுங்கள். மதியத்தில் காற்று விழுந்து புழுக்கம் எழுவதும், மாலையில் தெற்கே வன்னிப் பக்கம் முகில் உயர்ந்து மின்னுவதும் மூன்று நாள் தொடர்ந்து நடந்தால் பருவம் திரும்புகிறது. அப்போதிருந்து வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலை நாள்தோறும் பாருங்கள். பருவப் பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட இந்த இடிமழை ஒரு ஊரில் கொட்டி அடுத்த ஊரைத் தொடாமல் போகும். ஆகவே உங்கள் தறைக்குள்ளேயே மழையை அளக்க வேண்டும்: பக்கம் நேரான ஒரு பால்மாத் தகரத்தை வேலியிலிருந்தும் மரத்திலிருந்தும் விலக்கி நட்டு, மறுநாள் காலையில் அடிமட்டத்தை (அளவுகோலை) விட்டுப் பாருங்கள். 20 மில்லிமீற்றர் என்றால் ஒரு இறைப்பை விடலாம். 5 மில்லிமீற்றர் என்றால் அது இறைப்பில் சேராது.

வெங்காயம்

இந்தப் பருவத்தில் அதிகம் நட்டம் வருவதும் அதைத் தவிர்க்கக்கூடியதும் வெங்காயத்தில்தான். தறைக்குள் குறுக்கும் மறுக்குமாக நடந்து ஐந்து இடத்தில், இடத்துக்கு 20 செடி என்று 100 செடியை எண்ணுங்கள். எத்தனை செடியின் கழுத்து மடிந்து இலை சாய்ந்திருக்கிறது என்பதுதான் எண்ணிக்கை. 10 சாய்ந்தால் தண்ணீரை நிறுத்தும் நேரம். 50 தொடக்கம் 70 வரை சாய்ந்தால் கிண்டும் நேரம். 90 வரை காத்திருந்தால் புறத்தோல் உரிந்து நிறம் கெடும், அதற்குள் மழை விழுந்தால் மறுபடி வேர் விடும்.

இலை சாய்ந்ததை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது, பலத்த சோளகமும் இலையைச் சாய்க்கும். ஒரு செடியைப் பிடுங்கி, குமிழுக்கு மேலே உள்ள கழுத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நசுக்கிப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லாததுபோல மெத்தென்று தட்டையானால் முற்றிவிட்டது. சதைப்பிடிப்போடு வழுக்கினால் அது காற்றுக்குச் சாய்ந்த செடி.

நட்டு ஆறு கிழமைக்குப் பிறகு யூரியா போடாதீர்கள். கழுத்துத் தடித்து மூடாமல் நிற்கும், அந்த வாயால் பூஞ்சணம் உள்ளே இறங்கும். கொட்டிலில் ஒரு மாதத்தில் அழுகுகிற வெங்காயத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கிண்டியதும் வரிசையாகக் கிடத்தி, ஒரு வரிசையின் இலை அடுத்த வரிசையின் குமிழை மூடும்படி அடுக்குங்கள். குமிழில் நேர் வெயில் பட்டால் வெந்து, வெந்த இடம் பிறகு அழுகும். இரண்டு மூன்று நாளில் இலை வாடியதும் ஒரு கைக்குள் அடங்கும் பிடியாகக் கட்டி, பக்கம் திறந்த கிடுகுக் கொட்டிலில் நிலத்திலிருந்து மூன்று அடியாவது உயர்த்தித் தொங்கவிடுங்கள். வேலையை மிச்சம் பிடிக்கப் பெரிய பிடியாகக் கட்டினால் நடுவில் காற்றுப் போகாமல் சூடேறி நாறும். கிண்டிக் கிடக்கும்போது மழை வந்தால் நனைந்ததைக் குவித்து மூடாதீர்கள். கொட்டிலுக்குள் ஒற்றையடுக்காகப் பரப்பிக் காற்றாட விடுங்கள்.

கார்த்திகை, மார்கழி நடுகைக்கு விதை வெங்காயம் எடுப்பவர்கள் கிண்டுவதற்கு முன்னரே தறையில் அதைத் தெரிவு செய்ய வேண்டும். இலை முறுகிச் சுருண்டு கழுத்து நீண்ட செடி நின்ற பாத்தியில் இருந்து ஒரு குமிழும் விதைக்கு வேண்டாம். அந்த முறுக்கு நோய் மழைத்துளி தெறித்துப் பரவுவது, விதையோடு போனால் மாரியில் தறை முழுக்கப் பிடிக்கும்.

மிளகாய், வாழை, நாற்று மேடை

மிளகாய்க் குருத்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். ஊசிமுனை அளவில் மஞ்சளாக ஓடுவது பனிப்பூச்சி. இலை மேற்புறமாகச் சுருண்டால் அதுவே காரணம், கீழ்ப்புறமாகச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் மருந்து வேறு. பார்க்காமல் வாங்கி அடிப்பதால் காசுதான் கரையும். மருந்து தேவையானால் விவசாயப் போதனாசிரியரிடம் சுருண்ட கொப்பையே கொண்டுபோய்க் காட்டுங்கள், அடிப்பதைக் காற்று எழும்புவதற்கு முன் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள்.

நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் சோளகம் இலையைக் கிழிப்பதால் பெரிய நட்டமில்லை. குலை தள்ளிய மரம் முதல் பெருமழையில் மண் இளகும்போதுதான் சாயும். முட்டுக் கொடுப்பதைப் புரட்டாதி நடுவுக்குள் முடியுங்கள்.

மாரிப் பயிருக்கு நாற்று மேடை போடுகிறவர்களுக்கு ஆவணி வெயில் ஒரு வரம். 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலத்தில் மேடையைக் கொத்தி, நன்றாக நனைத்து, கண்ணாடிபோன்ற பொலித்தீனால் மூடி, விளிம்பை மண்ணில் புதைத்து நான்கு கிழமை விடுங்கள். கறுப்புப் பொலித்தீன் வேண்டாம், அது வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும், மண் அந்தளவு சூடேறாது. நாற்றழுகலும் களை விதையும் பெருமளவு அடங்கும்.

வயல்

முதல் உழவை ஆவணிக்குள் முடித்து வரம்பைக் கட்டுங்கள். முதல் மழையில் விதைக்க ஓடாதீர்கள். அந்த மழையில் கோரையும் கோழிச்சூடனும் களைநெல்லும் முளைக்கட்டும், ஒரு கிழமை பத்து நாளில் மறு உழவால் அவற்றைப் புரட்டிவிட்டுப் பிறகு விதையுங்கள். மானாவாரி வயலில் இதைவிட மலிவான களைக்கட்டுப்பாடு கிடையாது.

விதைநெல்லில் 100 மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து ஒரு கிழமையில் பாருங்கள். 85 முளைத்தால் ஏக்கருக்கு 40 கிலோ, அதாவது 2 புசல். வயற்கணக்கில் 24 பரப்பு 1 ஏக்கர் என்பதால் பரப்புக்கு 1.7 கிலோ வரும். 70 மட்டுமே முளைத்தால் ஏக்கருக்கு 49 கிலோ வேண்டும். புழுதி விதைப்பில் குருவியும் எறும்பும் எடுப்பதற்காகச் சற்றுக் கூட்டலாம், இரட்டிப்பாக்கத் தேவையில்லை. நெருங்கி வளர்ந்த பயிர் கார்த்திகை மழையில் சாயும்.

விதைக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணித் தீர்மானியுங்கள். உங்கள் வயலில் வழமையாக எப்போது வெள்ளம் நிற்கும்? அது கார்த்திகைத் தொடக்கம் என்றால் அன்றைக்குப் பயிருக்கு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், ஆகவே ஒக்டோபர் நடுவுக்குள் விதைப்பு முடிய வேண்டும். ஏரி 362 (At 362) போன்ற மூன்றரை மாத நெல்லை ஒக்டோபர் தொடக்கத்தில் விதைத்தால் தைப்பொங்கலோடு அறுக்கலாம். வெள்ளம் நிற்கும் தாழ்ந்த வயலுக்கு மொட்டைக்கறுப்பன் போன்ற உயர்ந்து வளரும் நாட்டு நெல் பொருந்தும்.

புழுதியில் விதைப்பதானால் விதை 3 தொடக்கம் 4 சென்ரிமீற்றர் ஆழத்தில் மூடப்பட வேண்டும். மேலே கிடக்கும் விதை 10 மில்லிமீற்றர் மழைக்கு முளைத்துவிட்டு, அடுத்த பத்து நாள் வெயிலில் கருகும். ஈரத்தில் விதைப்பதானால் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி மண்ணை எடுத்து உருட்டுங்கள், உருண்டை உடையாமல் நின்றால் விதைக்கலாம். மழை பிடிகொடுக்காத வருடத்தில் வயலில் பாதியை முதலிலும் மீதியை ஒரு கிழமை கழித்தும் விதைப்பது நல்லது.

முளைத்துப் பத்தாம் நாள் ஒரு சதுர மீற்றருக்குள் நாற்றை எண்ணுங்கள். வெறுமையான திட்டு இருந்தால் நெருங்கிய இடத்திலிருந்து பிடுங்கி ஈரம் இருக்கும்போதே நிரப்பிவிட வேண்டும். மீண்டும் நெல் வீசினால் அது பிந்தி முற்றும், அறுவடையில் பச்சை நெல்லாகக் கலந்து வரும்.