டொரண்டோவில் சிவில் வேலை தேடும் முன்

வந்து இறங்கியவுடன் எல்லாரும் கேட்பது, "பி.எங். லைசென்ஸ், அதாவது இன்ஜினியர் உரிமம், வாங்காமல் வேலை கிடைக்குமா?" கிடைக்கும். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் லைசென்ஸ் இல்லாமல் 'இன்ஜினியர்' என்று போட்டுக்கொள்ளத்தான் கூடாது. லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பொறுப்பேற்றால் அவருக்குக் கீழே டிசைன் வேலையே பார்க்கலாம். அதனால் லைசென்ஸுக்கு ஒரு பக்கம் விண்ணப்பம் போட்டுவிட்டு வேலை தேட ஆரம்பியுங்கள். கனடா அனுபவம் கட்டாயம் என்ற விதியை, இந்த லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பான பி.இ.ஓ. 2023 மே மாதமே எடுத்துவிட்டது; ஊரில் பார்த்த வேலையும் லைசென்ஸுக்குக் கேட்கும் 48 மாத அனுபவக் கணக்கில் சேரும்.

2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் விளம்பரத்தில் 'கனடா அனுபவம் தேவை' என்று கேட்கவும் முடியாது. விளம்பரத்தில்தான் இல்லை, மேனேஜர் மனசில் இருக்கும்.

என் முதல் இன்டர்வியூவில், சாதாரண வீட்டு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று கேட்டார்கள். மண்ணின் தாங்குதிறன், எஸ்.பி.டி. மண் சோதனை என்று பத்து நிமிஷம் பேசினேன். எதிரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பனி உறைவு?" என்றார். இந்தப் பக்கம் 1.2 மீட்டர் கீழே போகாவிட்டால் குளிர்காலத்தில் மண் உறைந்து அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். திருச்சியில் பன்னிரண்டு வருஷம் கட்டியவனுக்கு அது எங்கே தோன்றும்? அவர்கள் 'அனுபவம்' என்று சொல்வதில் பாதி இதுதான். ஒன்டாரியோ பில்டிங் கோடையும், கனடாவின் கான்கிரீட் டிசைன் கோடான சி.எஸ்.ஏ. ஏ23.3-ஐயும், நம்ம ஊர் கான்கிரீட் கோடான ஐ.எஸ். 456 பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 15எம் கம்பி என்றால் நம்ம 16 மில்லிதான்.

சந்தை மந்தமாக இருக்கும்போது டிசைன் ஆபீஸ் கதவையே தட்டிக்கொண்டிருக்காதீர்கள். கான்கிரீட் போன்றவற்றைச் சோதிக்கும் மெட்டீரியல் டெஸ்டிங் லேப்களுக்குப் போங்கள். பனி உருகி சைட் வேலை சூடுபிடிக்கும்போது அவர்களுக்கு ஆள் தேவைப்படும். விண்ணப்பம் பிப்ரவரியிலேயே போயிருக்க வேண்டும். கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க வார்க்கும் மாதிரி இங்கே கியூப் கிடையாது, சிலிண்டர். கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப்போடு அதில் உள்ள காற்றளவும் பார்ப்பார்கள்: பனியில் கிடக்கிற கான்கிரீட்டில் 5 முதல் 8 சதவீதம் காற்று கேட்பார்கள், உறையும் தண்ணீர் விரிய இடம் வேண்டுமே. பி.இ. படித்துவிட்டு வீல்பாரோவில் கான்கிரீட் அள்ளுவதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சைட்டில் தினமும் பார்த்த ஸ்ட்ரக்சுரல்காரர் ஒருவர்தான் அடுத்த வருஷம் என்னைத் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

ரெஸ்யூமில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் போதும். செலவுக்கு வேர்ஹவுஸ் வேலை எடுத்தால் மாலை ஷிஃப்டாகக் கேளுங்கள். இன்டர்வியூ எல்லாம் பகலில்தான் வரும்.

அப்புறம், இந்த லேப் வேலைக்குப் பெரும்பாலும் கார் ஓட்டத் தெரிய வேண்டும், சிலிண்டர்களை பஸ்ஸில் தூக்கிப் போக முடியாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ.விடம் ஓட்டுநர் அனுபவக் கடிதம் வாங்கிவிடுங்கள். இங்கே ஜி லைசென்ஸுக்கு, அதாவது முழு கார் லைசென்ஸுக்கு, காத்திருக்கும் மாதங்கள் அதனால் குறையும்.