ஊசி ஒட்டிக்கொண்ட ரேடியேட்டர்

நுவரெலியாவில் நான் பார்த்துக்கொள்ளும் பழைய பங்களாவில் அறைகளைச் சூடாக்கும் சுடுநீர் ரேடியேட்டர்கள் உண்டு. ஜனவரியில், புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு காலை, மூலை அறை மட்டும் சூடேறவில்லை. வால்வை உச்ச எண்ணான 5க்குத் திருப்பியும் ரேடியேட்டர் ஐஸ் மாதிரி.

"வால்வையே மாத்தணும் சேர்" என்றார் குழாய் வேலை செய்யும் பைப் பாஸ். எனக்கு மனசு வரவில்லை. வால்வின் மேல் இருக்கும், அறை வெப்பத்தை உணர்ந்து அதைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த சின்ன ஊசி அமுங்கியபடியே நிற்கிறது; அது எழுந்தால்தான் சுடுநீர் உள்ளே போகும். மாதக்கணக்கில் மூடியே வைத்ததன் பலன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் மெல்ல அமுக்கி அமுக்கி விட்டேன். நாலைந்து தடவைக்குப் பிறகு டக்கென்று எழுந்தது. (குறட்டால் இழுக்காதீர்கள், ஊசி கையோடு வந்தால் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.)

பக்கத்து அறையில் தலையே உடைந்திருந்தது. சரி, புதிதாக வாங்கினேன். முதலில் பழையதன் புரி அளவைப் பார்த்தேன்: எம்30 (30 மி.மீ. விட்டம்), புரி இடைவெளி 1.5 மி.மீ. உள்ளே மெழுகு உள்ள தலையைவிடத் திரவம் உள்ளது வெப்பத்தைச் சற்று வேகமாக உணரும் என்பதால் அதையே எடுத்தேன். 3இல் வைத்தால் அறை ஏறக்குறைய 20 பாகை. திரைச்சீலை மேலே விழுந்தால், தலை அறை சூடாகிவிட்டதென்று ஏமாந்து மூடிக்கொள்கிறது. ஆகவே சீலையை ஒதுக்கிக் கட்டிவிட்டேன். ஆளில்லாத மாதங்களில் இப்போது எல்லா வால்வுகளும் முழுக்கத் திறந்தபடிதான்.