வயது போடாத இளம் சிங்கிள் மால்ட்டா? பக்கத்தில் ஒரு டீஸ்பூன் தண்ணீர் வையுங்கள்

லேபிளில் வயது இல்லை என்பதற்காக ஒரு சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி) மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்காட்ச் என்று பெயர் வைக்கவே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருந்தாக வேண்டும். வயது போடுவதானால், பாட்டிலுக்குள் கலந்திருப்பதிலேயே இளைய விஸ்கியின் வயதைத்தான் போட முடியும்.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் கில்ஹோமன் மாக்கிர் பே (ஆல்கஹால் 46%) போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் குறுகிய டியூலிப் கிளாஸில் 30 மி.லி. ஊற்றி 10 நிமிடம் அப்படியே விடுங்கள். ஊற்றியதும் மூக்கை உள்ளே விட்டால் ஆல்கஹால் சுரீரென்று ஏறி, மூக்கு மரத்துப்போகும். அப்புறம் எதுவும் பிடிபடாது. கிளாஸைத் தாடைக்கு நேரே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். பேரிக்காய், பச்சை ஆப்பிள், ஊறிய தானிய வாசனை வந்தால் இளமையின் அடையாளம். பீட் புகையும் (பார்லியை உலர்த்த எரிக்கும் சதுப்புநிலக் கரிமண்ணின் புகை வாசனை) தூக்கலாகவே இருக்கும். பீப்பாயில் ஆண்டுகள் கூடக்கூடத்தான் அது அடங்கும்.

முதல் மிடறு தண்ணீர் இல்லாமல்: துளியூண்டு, நாக்கில் 10 விநாடி. பிறகு அறை வெப்பநிலைத் தண்ணீர் அரை டீஸ்பூன். இன்னும் சுட்டால் மற்றொரு அரை. மொத்தம் 5 மி.லி. சேர்ந்ததும் 46% ஏறக்குறைய 39-க்கு இறங்கிவிடும். அதற்கு மேல் ஊற்றினால் சப்பென்று ஆகும்.

லேசாகக் கலங்கினால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் எஸ்டர்கள் என்னும் எண்ணெய்ப்பசையுள்ள சேர்மங்கள் பிரிவதுதான் அது. ஐஸ் போட்டால் வாசனை எழும்பாது. நிறத்தையும் நம்பாதீர்கள், கேரமல் நிறமி சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது!