நடுகல் பார்க்க நாலு பேர்: சேலத்திலிருந்து ஒரு ஞாயிறு

அமெரிக்க மேற்கின் கதை சொல்லும் அருங்காட்சியகங்களில் குதிரையும் மாட்டு மந்தையும் துப்பாக்கியும் நிறைந்திருக்கும். நம் பக்கத்தில் அப்படி எல்லைப்புறத்துக் கதை சொல்வது நடுகல், செத்த வீரனுக்கு நட்ட நினைவுக் கல். பல்லவர், கங்கர், வாணர் என்று அரச குலங்களிடையே கை மாறிக்கொண்டே இருந்த தகடூர் (இன்றைய தருமபுரி), செங்கம் வட்டாரத்தில் மாடுதான் செல்வம். மாட்டைக் கவர வந்தவனும், மீட்கப் போனவனும் செத்த இடத்தில் கல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை போங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை, இரண்டாம் சனியும் பூட்டு. காலையில் சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் கண்ணைப் பழக்கிக்கொண்டு, புது பஸ் ஸ்டாண்டில் தருமபுரி பஸ் ஏறுங்கள். சுமார் 65 கிலோமீட்டர். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி நின்றுவிட்டால் கணக்கெல்லாம் தப்பும், அதனால் அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் (தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்) நடுகற்களே பிரதானம்.

ஒரு கல்லுக்கு நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் டார்ச், ஒருவர் குடை, ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் பென்சிலால் வரைய. குடை எதற்கு என்றால், உச்சி வெயில் நேராக விழும்போது குழிகளில் நிழல் விழாது, எழுத்து மறைந்துவிடும். வெயிலில் டார்ச் வெளிச்சமும் எடுபடாது. குடையால் நிழல் கட்டி, கல்லின் ஓரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிப் போகிற மாதிரி பிடித்தால் தேய்ந்த கோடும் எழுந்து நிற்கும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, மொபைல் அசையக்கூடாது. எதிரே நின்று ஃப்ளாஷ் போட்டால் வெறும் பாறைதான் கிடைக்கும். படம் எடுக்கலாமா, கட்டணம் உண்டா என்பதை உள்ளே நுழையும்போதே கேட்டுவிடுங்கள்.

எழுத்துத் தெரிய சாக்பீஸ் பூசுவது, தண்ணீர் தெளிப்பது இரண்டுமே கூடாது. சாக்பீஸ் தூள் கல்லின் துளைகளில் தங்கிவிடும். அதைவிட மோசம், ஒருவர் தப்பாக இழுத்த கோட்டையே அடுத்தவர் எழுத்தென்று படிப்பார்.

இனி படிக்கும் முறை. முதலில் ஆயுதம்: பெரும்பாலும் ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள் இருக்கும். உடம்பில் தைத்த அம்புகளை எண்ணுங்கள். பிறகு காலடி: மாடு இருந்தால் ஆநிரைப் பூசல், அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டை. புலியோடு மோதினால் புலிகுத்திக் கல். தன் கழுத்திலேயே வாளை வைத்திருந்தால் அது நவகண்டம், தன்னைத் தானே பலி கொடுத்தவன், போரில் பட்டவன் அல்ல. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நாயையும் விட்டுவிடாதீர்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலக் கல்வெட்டு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்த கோவிவன் என்ற நாயையே பேர் சொல்லிக் குறிக்கிறது.

எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம். ஒரே நாளில் படிக்க வராது, விளக்கப் பலகையில் உள்ள வாசகத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அரசன் பேரும் ஆட்சி யாண்டும், முடிவில் ‘பட்டான் கல்’ (செத்தவன் கல்) என்றும் வரும். நடுவில் ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை. ‘தொறுக் கொண்ட’ என்றிருக்கிறதா, ‘தொறு மீட்டு’ என்றிருக்கிறதா பாருங்கள். செத்தவன் எந்தப் பக்கத்து ஆள் என்பதை ஊகிக்க அந்தச் சொல் உதவும். நண்பர்கள் வாதாடத் தகுந்த இடமும் இதுதான்.

பழைய நூல்களில் ஊரைத் தேடும்போது ஒரு குழப்பம் வரும்: தருமபுரி 1965இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய குறிப்புகளில் எல்லாம் ‘சேலம் ஜில்லா’ என்றே இருக்கும்.

ஊருக்குள் நிற்கிற கற்களைத் தேடிப் போவதாக இருந்தால், அவற்றில் பல இன்றும் வேடியப்பன் என்ற ஊர்ச் சாமியாகப் பூசை வாங்குகின்றன. செருப்பைக் கழற்றி, பூசாரியிடம் கேட்டுவிட்டு அருகே போங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து மறைந்திருந்தாலும் துடைக்க வேண்டாம். அது அவர்கள் சாமி.