குண்டிக்காயா, குண்டிகெயா? ஓர் உறுப்புப் பெயரின் வேரைத் தேடும் முறை

பெங்களூரு அல்சூரில் ஒரு கறிக்கடையில் என் பாட்டி “ரெண்டு குண்டிக்காய் போடுப்பா” என்று கேட்டபோது, கன்னடக்காரரான கடைக்காரர் ஆட்டின் இதயத்தை எடுத்துத் தராசில் வைத்தார். பாட்டி கேட்டதோ சிறுநீரகம். இருவர் மீதும் பிழையில்லை: தமிழில் குண்டிக்காய் சிறுநீரகம், கன்னடத்தில் குண்டிகெயும் தெலுங்கில் குண்டெயும் இதயம்.

இத்தகைய சொல் கிடைத்தால், முதலில் அது வழங்கும் வாக்கியத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். “குண்டிகெ இத்ரெ பா” (குண்டிகெ இருந்தால் வா) என்று கன்னடத்தில் சவால் விடும்போது அங்கே உறுப்பு துணிச்சலாகிவிடுகிறது; தமிழ்க் குண்டிக்காய்க்கு அந்தப் பெருமை வாய்க்கவில்லை, நாம் பயத்துக்குக்கூட ஈரக்குலையைத்தான் நடுங்க விடுகிறோம்.

அடுத்து, பழைய ஆட்சியைத் தேட வேண்டும். தமிழ் விவிலியத்தில் லேவியராகமம் 3:4 பலி மாட்டின் “இரண்டு குண்டிக்காய்களையும்” கல்லீரலையும் ஒருசேரச் சொல்வதால், பொருளில் ஐயத்துக்கு இடமில்லை. தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான லெக்சிகனையும், கன்னடத்துக்கு 1894இல் வெளிவந்த, ஜெர்மானியப் பாதிரியார் கிட்டலின் அகராதியையும் பார்க்கலாம், பெங்களூரு எம்.ஜி. சாலையில் சிலையாக நிற்பவர் அந்தக் கிட்டல்தான். இனச்சொற்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவது மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி; 1984இல் வந்த இரண்டாம் பதிப்பையே எடுக்க வேண்டும். அதுவும் லெக்சிகனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒலியை ஒப்பிடும்போது தமிழ் எழுத்து நம்மை ஏமாற்றும். குண்டிகெயின் முதலெழுத்து “குரு” என்பதில் ஒலிப்பது போன்றது, “குடம்” என்பதில் ஒலிப்பது போன்றதன்று. சொல்முதலில் தமிழின் வல்லொலிக்கு நேராகக் கன்னடத்திலும் தெலுங்கிலும் இப்படி மெலிந்த ஒலி நிற்பது பல சொற்களில் காணப்படுவதே. இதற்கு மாறாக, குண்டிக்காய் என்றதும் பிட்டத்தை நினைத்துச் சிரிப்பவர்கள் சொல்லும் விளக்கத்தையும், “உருண்டையாக இருப்பதால் குண்டு” என்ற விளக்கத்தையும், ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. குறிப்பேட்டில் ஊகம் என்ற தலைப்பின் கீழ் எழுதி வைத்தால் போதும். சிறுநீரகத்துக்கு இந்தத் தொல்லையில்லை, சிறுநீர், அகம் என்று பிரித்தாலே பொருள் தெரிந்துவிடும்.

கடைசியாகப் பேசுபவர்களிடம் கேட்க வேண்டும். “குண்டிக்காய் என்றால் கிட்னிதானே?” என்று கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். ஆகவே பெயரைச் சொல்லாமல் உறுப்பைக் காட்டி, “இதை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள்?” என்று கேட்க வேண்டும். கறிக்கடையில் இப்போது பாட்டியும் விரலைத்தான் நீட்டுகிறார்.